மோதிர விரல் தரும் தடயம்

கொரட்டூரை அடுத்து, 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உள்ளது. அதன் பட்டறைகளிலும் ஆயத்த ஆடைக் கூடங்களிலும் உழைப்போருக்குக் கைகளே முதல். நள்ளிரவில் விரல்கள் மரத்து விழித்தெழும் தொழிலாளி, கையை உதறிவிட்டு மீண்டும் உறங்கிவிடுவார். அந்த உதறலையும் மருத்துவர் குறித்துக்கொள்வார்.

மரத்த விரல்கள் எவை என்பதே அவர்தம் முதல் வினா. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், அதனை ஒட்டிய மோதிர விரற்பாதி எனில், மணிக்கட்டின் குறுகிய வழியில் நடுநரம்பு நெரிபடுகிறது எனக் கருதுவார். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் எனில், பழுது பெரும்பாலும் முழங்கையில் இருக்கும். முழங்கை சுவரில் இடித்ததும் 'சுரீர்' எனச் சுண்டுவிரல்வரை பாயும் உணர்வை அறியாதார் யார்? அந்த நரம்பே இது. ஒரே விரலில் இரு நரம்புகளின் எல்லை அமைந்திருப்பது வியப்புக்குரியது.

பின்னர், மணிக்கட்டுகளை மடக்கிப் புறங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு நிமிடம் வைத்திருக்கச் செய்வார். மரப்பு திரும்பினால் ஐயம் வலுப்பெறும். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபேலனின் பெயரால் வழங்கும் இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டா. கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்கும்; ஆதலின் கழுத்தையும் சோதிப்பார். கட்டைவிரலின் அடிமேடு வற்றியிருப்பின் நோய் முற்றிவிட்டது. ஊசியும் திருகும் பிடியில் நில்லாமல் நழுவத் தொடங்கியிருக்கும்.