உழைச்செல்வானும் மொழியும்

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் சேர்த்தே மருத்துவத்தின் நான்கு கூறுகளென எண்ணினார் வள்ளுவர். உழை என்பது பக்கம். பக்கத்திருந்து பேணுவோர்க்கு நோயாளியின் மொழியே விளங்காவிடின் யாது நேரும்? அமெரிக்காவிற் குடியேறிய ஆசியர், இலத்தீன் அமெரிக்கர் ஆகியோர் பட்ட பாட்டினை நோக்கின் விடை கிட்டும்.

1980ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில், கியூபக் குடும்பத்தைச் சார்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். உறவினர் அவரை 'இன்டாக்சிக்காடோ' என்றனர். உண்டதோ பருகியதோ ஒவ்வாது நோயுற்றவர் என்பது கியூப வழக்கில் அதன் பொருள். கேட்டோர் அதனை ஒலியொத்த ஆங்கிலச் சொல்லாகவே கொண்டு, போதை மருந்தை மிகுதியாக உட்கொண்டவர் எனத் துணிந்து அதற்கே மருத்துவம் செய்தனர். உண்மையிலோ அவர்தம் மூளையிற் குருதி கசிந்துகொண்டிருந்தது. இறுதியில் கைகால் நான்கும் செயலிழந்தன. இழப்பீடு ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர் என்பர். ஒலி ஒன்றாயினும் பொருள் வேறாம் என்று வகுப்பறையில் நாம் நடத்தும் பாடம் ஓர் உயிரளவு கனமுடையது போலும்!

கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் நிகழ்ந்தது இதனினும் சிக்கலானது. லாவோசிலிருந்து வந்த மோங் இனத்தார் வலிப்பு நோயை ஆவி பற்றியதன் விளைவு என நம்புவர். அவ்வினத்துச் சிறுமி ஒருத்திக்கு 4 ஆண்டுகளுக்குள் 23 முறை மருந்துமுறை மாற்றப்பட்டது. எழுத்தறியாப் பெற்றோர் எதனை, எவ்வளவு, எப்பொழுது கொடுப்பர்? 1986இல் நினைவிழந்த அவள் 2012இல் மறையும்வரை மீளவேயில்லை. ஆன் ஃபேடிமன் 1997இல் இதனை நூலாக்கினார். பெற்றோரின் அன்பிலும் குறையில்லை, மருத்துவரின் உழைப்பிலும் குறையில்லை என்பதே நம் கருத்து. இருவரையும் இணைக்கவல்லார் இடையில் இல்லை.

இவ்விடைவெளியைச் செவிலியரே நிரப்ப இயலும் எனக் கண்டவர், மானிடவியலும் பயின்ற செவிலியர் மாடலின் லைனிங்கர். பண்பாடு அறிந்து பேணும் செவிலியத்தை ஒரு துறையாகவே அவர் வளர்த்தார். சான்றாக, பிள்ளை பெற்ற சீனத் தாய்மார் பலர் குளிர்ந்த நீரைத் தொடார். மெக்சிக்கோ மகளிரிடையே 40 நாள் காப்பு உண்டு. நம் இல்லங்களின் 'நாற்பது' நினைவுக்கு வருகின்றதன்றோ? பனிக்கட்டி நீரை விலக்கி வெந்நீர் தருவதற்குப் பெருஞ்செலவொன்றும் இல்லை.

பல வீடுகளில் ஆங்கிலம் கற்ற பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். தாயின் கருப்பை நோயை மகன் வாயால் மருத்துவரிடம் சொல்ல எந்தத் தாய் துணிவாள்? நெருக்கடி வேளையன்றிச் சிறுவரை அவ்வாறு பயன்படுத்தலாகாது என 2016இல் அமெரிக்க அரசு விதி செய்தது.