லாரி விபத்தில் நஷ்ட ஈடு: மன்னிக்கும் உரிமை யாருக்கு?

குடும்பத் தலைவர் ஒருவர் லாரி மோதி மௌத்தாகிவிட்டால், மூன்று நாள் துக்கம் கழியுமுன்னரே லாரி முதலாளியின் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவதுண்டு. கையில் கொஞ்சம் ரொக்கமும் எழுதாத ஸ்டாம்பு பேப்பரும் இருக்கும். “அல்லாஹ்வின் நாட்டம் நடந்துவிட்டது, இனி கோர்ட்டு வாசலில் ஏறுவானேன்?” என்று நம் பெரியவர்களே எடுத்துச் சொல்கிறார்கள். அதற்கு ஸபர் என்று பெயரும் கொடுத்துவிடுகிறார்கள். இதில் ஷரீஅத்தின் நிலை என்ன?

தவறுதலாக நேர்ந்த கொலைக்கு அல்லாஹுத்தஆலா இரண்டு கடமைகளை விதித்திருக்கிறான் (திருக்குர்ஆன் 4:92). ஒன்று கஃப்பாரா. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இக்காலத்தில் அது தொடர்ந்து இரண்டு மாத நோன்பாகும். பிழை தன்னுடையதென்றால், வண்டியோட்டிய முஸ்லிமே அதை நோற்க வேண்டும். முதலாளியோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ பணம் கட்டுவதால் அது நீங்காது. மற்றது தியத், அதாவது இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டிய உயிரீடு. அவர்கள் தர்மமாக விட்டுக்கொடுத்தாலன்றி அது விலகாது. மரணத்தை நாடியவனே தியத்தையும் விதித்திருக்க, அதைக் கேட்பது ஸபருக்கு மாறு என்று எப்படிச் சொல்வது?

விட்டுக்கொடுப்பது சிறந்ததாயிற்றே என்பார்கள். சிறந்ததுதான். ஆனால் எவரும் தம் பங்கைத்தான் விட்டுக்கொடுக்கலாம். தியத் வாரிசுச் சொத்து. இறந்தவரின் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் 12 லட்சம் ரூபாய் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். தாய், தந்தை, மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். பராயிழ் கணக்குப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, ஒன்றரை லட்சம். தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம் தலைக்கு 2 லட்சம். எஞ்சிய ஆறரை லட்சத்தில் மகன்களுக்குத் தலைக்கு 2,60,000, மகளுக்கு 1,30,000. பிள்ளைகள் பருவமடையாதவர்களாயின், பாதிக்கு மேல் யதீம்களுடைய பணம்! பாட்டனார் பெரிய மனதுடன் மன்னிக்கலாம், தம் 2 லட்சத்தை. பேரப்பிள்ளைகளின் பங்கை மன்னிக்க அவருக்கு உரிமையில்லை. யதீமின் சொத்தை அநியாயமாக உண்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை அதே ஸூராவின் 10-வது வசனத்தில் இருக்கிறது. நான் விவரிக்க வேண்டியதில்லை. சிறுவர் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று நாட்டுச் சட்டமும் கூறுகிறது. வாசலில் எழுதி வாங்கும் பத்திரம் எந்த வகையிலும் அவர்களைக் கட்டாது.

விதவையின் பங்கிலும் கை வைப்பவர்கள் உண்டு. தியத் ஆண்வழி உறவினருக்கே உரியது, மனைவிக்குப் பங்கில்லை என்று உமர் (ரலி) அவர்களே முதலில் கருதினார்கள். அஷ்யம் என்பவரின் மனைவிக்கு அவருடைய தியத்திலிருந்து பங்களிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியிருந்ததை ளஹ்ஹாக் இப்னு ஸுஃப்யான் (ரலி) எடுத்துரைத்ததும், கலீஃபா தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். “வீட்டுக்கு வந்தவள்தானே” என்று பேசும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்று இழப்பீடு கேட்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊரில்தான் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டுமென்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தாவோ நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. இத்தா கழியட்டும் என்று முழுவதும் காத்திருக்க வேண்டாம். வக்காலத்தில் வீட்டிலிருந்தே கையொப்பமிடலாம். அவசியத்திற்காகப் பகலில் வெளியே செல்லவும் ஃபிக்ஹில் அனுமதி உண்டு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வருமானச் சான்று ஆகியவற்றை மஹல்லா இளைஞர்கள் சேகரித்துக் கொடுக்கலாம். பெண்களுக்கும் சிறுவருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகவும். மோதிய வண்டி நிற்காமல் ஓடி, அடையாளமே தெரியாமல் போனாலும், மரணத்திற்கு 2 லட்சம் ரூபாய் தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. வருமானத்தைக் கூட்டிச் சொல்வதும், பார்க்காததைப் பார்த்ததாகச் சாட்சி ஏற்றுவதும் ஹராம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது என நம்புகிறேன்.

தீர்ப்பாயம் பராயிழ் பார்ப்பதில்லை. இறந்தவரை நம்பியிருந்தவர்கள் யார் என்று பார்த்தே பங்கிடுகிறது. இத்தொகையை ஆதரவிழந்தோருக்கான உதவியாக மட்டும் கருதும் ஆலிம்களும் உண்டு. தியத்தின் இடத்தில் வருவதால் பராயிழ்படி பிரிப்பதே பேணுதல் என்பது என் கருத்து. வயது வந்தவர்கள் மனமொப்பித் தங்களுக்குள் கூட்டிக் குறைத்துக்கொள்ளட்டும். யதீமின் பங்கில் குறைவு வந்தால் மட்டும் மற்றவர்கள் ஈடுசெய்ய வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பணமாயிற்றே என்ற சந்தேகம் பலருக்கு. பாலிஸி எடுத்தவர் லாரிக்காரர். நமக்கு வர வேண்டியது அவர் தரப்பின் கடன். அதை அவர் எங்கிருந்து திரட்டுகிறார் என்பது நம் பொறுப்பல்ல. ஆனால் மனுச் செய்த நாளிலிருந்து தீர்ப்பாயம் வட்டியும் சேர்த்து வழங்குவதுண்டு. சிறுவர் பங்கை வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டால் அதிலும் வட்டி ஏறும். அசலைத் தனியாகக் குறித்துவைத்து, வட்டியை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தீர்ப்பு நகலில் இரண்டு தொகைகளும் தனித்தனியே தெரியும்.