முறைச்சிட்டையும் பிரிவுச் சிட்டையும்



செட்டிநாட்டு நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரின் இசைவைப் பதியும் இசைகுடிமானம் மணநாளிலேயே எழுதப்படுகிறது. பெண்ணுக்குச் சேரும் சீரையும் முறைப்பணத்தையும் குறிக்கும் முறைச்சிட்டை தனியே எழுதப்படுகிறது. சேரும்போது இவ்வளவு கவனமாக எழுதிக்கொள்ளும் குடும்பங்கள், பிரியும்போது மட்டும் கணக்கை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகின்றன; பகை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே, விலகுவதென்று கணவனும் மனைவியும் முடிவு செய்த பிறகு, தவறு யாருடையது என்ற விசாரணையை விட்டுவிட்டு, எது யாருடையது, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பவற்றை ஒரு சிட்டையாக எழுதுவதே முதல் வேலை.

தவறு யாருடையது என்று விசாரிக்காமல் பிரிவதற்குச் சட்டமும் இடம் தருகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு, பரஸ்பர சம்மத மணமுறிவை, அதாவது எந்தக் குற்றத்தையும் நிரூபிக்காமல் இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் விடுதலை கேட்பதை, அனுமதிக்கிறது. ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் அது தனித்து வாழ்தலே என்று சுரேஷ்டா தேவி வழக்கில் (1991) உச்ச நீதிமன்றம் விளக்கியது. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட பெரிய வீடுகளுக்கு இவ்விளக்கம் மிகவும் பொருந்தும். தீர்ப்பு வரும்வரை ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுவதால், மிரட்டி வாங்கிய கையெழுத்தை நம்பி எவரும் நிம்மதியடைய முடியாது. மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்கும் விதியைத் தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என்று அமர்தீப் சிங் வழக்கு (2017) வழி திறந்துள்ளது. எனினும் கணக்கு முழுவதும் தீராத நிலையில் அந்த அவசரம் வேண்டியதில்லை. சென்னையிலோ வெளிநாட்டிலோ குடித்தனம் நடத்தியவர்களும், மணம் சொந்த ஊரில் நடந்திருந்தால், அவ்வூருக்கு அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

சிட்டையில் முதலில் வரவேண்டியது நகை. மணமகளுக்குத் தரப்பட்ட சீதனம், கணவன் வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், அவளுடைய சொத்தாகவே நீடிக்கிறது என்பது பிரதிபா ராணி வழக்கில் (1985) உறுதியானது. கழுத்துரு என்னும் தாலி, வைரத்தோடு, வெள்ளிச் சாமான் ஆகியவற்றை எடை போட்டு, எந்த வங்கி லாக்கரில் உள்ளன என்று குறித்து, ஒரே நாளில் ஒப்படைத்து, இருவரும் கையெழுத்திடுவது நல்லது. மேல்வீட்டில் அடுக்கிய பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் மாதக்கணக்கில் வாதாடுவது வீண். அவை எவ்வளவு பெற்றாலும் இழக்கும் நிம்மதிக்கு ஈடாகா. அடுத்து ஜீவனாம்சம், அதாவது பராமரிப்புத் தொகை. ரஜ்னேஷ் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் வகுத்தபடி வருமானத்தையும் சொத்தையும் இருவரும் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்திய பிறகு பேசினால், பின்னாளில் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் எழாது.

இவற்றைப் பங்காளிகள் அனைவரையும் கூட்டி வைத்துப் பேசுவதைவிட, இரு வீட்டாரும் நம்பும் ஒருவரோ நீதிமன்றச் சமரச மையமோ போதும். பேரத்திற்காகப் பொய்ப் புகார் கொடுப்பது பிறகு எந்தச் சமரசத்தையும் நஞ்சாக்கிவிடும். ஆனால் அடி உதை உண்மையாக இருந்தால், அமைதி என்ற பெயரில் பெண் அதை மறைக்கக் கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகவே உள்ளது.

பிள்ளையின் பகுதியே சிட்டையில் மிக நீளமாக இருக்க வேண்டும். மணம் முறிந்தாலும், நகரத்தார் வழக்கப்படி பிள்ளை தகப்பன் வழிக் கோயிற்பிரிவுக்குரியதாகவே இருக்கிறது. குடும்பத்து முன்னோருக்கு நடக்கும் படைப்பிலும், பிள்ளையார் நோன்பிலும், ஐயா அப்பத்தா மடியிலும் அதற்கு உள்ள இடத்தைத் தாய் அடைக்கக் கூடாது. அதுபோலவே, தாயைப் பற்றிய ஒரு தாழ்ந்த சொல்லும் தகப்பன் வீட்டில் பிள்ளையின் காதில் விழக் கூடாது. பள்ளி விடுமுறை, பொங்கல், படிப்புச் செலவு, தொலைபேசியில் பேசும் நேரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவதோடு, பிள்ளை தொடர்பான உத்தரவுகளைப் பின்னர் மாற்ற நீதிமன்றத்திற்கு இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதிகாரம் தருவதால், பிள்ளை வளர வளர இருவரும் உட்கார்ந்து இப்பகுதியைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியையும் சேர்ப்பது அவசியம்.

காரைக்குடி,
ஐயா