எடின்பரோவில் ஆடப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஆகஸ்டில் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் பரதநாட்டியம் ஆட முடிவு செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். வர்ணத்தை எப்படிச் சுருக்குவது, ஆங்கிலத்தில் யார் அறிவிப்புச் சொல்வது என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறாய். தங்குவதைப் பற்றி மட்டும் ‘எங்காவது மலிவாகப் பார்த்துக்கொள்கிறேன் அக்கா’ என்று ஒற்றை வரி. அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. உன்னைப் போலக் கிளம்பும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் விழாவின் இயல்பைப் புரிந்துகொள். 1947இல் எடின்பரோ சர்வதேச விழா தொடங்கியபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த இடத்தில் நடித்தன. ஃபிரிஞ்ச் பிறந்தது அப்படித்தான். இன்றும் அங்கே தேர்வுக்குழு கிடையாது. அரங்கம் அமைந்து, கட்டணமும் கட்டிவிட்டால் யாரும் ஆடலாம். அழைத்தவர் என்று யாரும் இல்லாததால் அறை பிடித்துத் தரவும் ஆள் இல்லை. சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் ஊருக்குள் ஆகஸ்டில் உலகமே வந்து இறங்கும். மற்ற மாதங்களின் வாடகையை வைத்துக் கணக்குப் போடாதே.

சுற்றுலா போகிறவர் கோட்டை தெரியும் ஜன்னலைத் தேடலாம். உன் தேவை வேறு. ஃபிரிஞ்சில் ஒரு நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். முன்னால் ஆடியவர் இறங்கி நீ ஏறுவதற்குக் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். மேடைக்குப் பின்னால் பல குழுக்கள் ஒரே மூலையில் நெருக்கியடித்து நிற்கும். அங்கே உட்கார்ந்து ஜடை பின்னி, தலைச்சாமான் வைத்து, மை தீட்ட முடியாது. அறையிலேயே முழு ஒப்பனையையும் முடித்து, மேலே நீளமான மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்துதான் வருவாய். அந்த ஊர்க் காற்று குடையைத் திருப்பிவிடும். மழை பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே நீ எடுக்கும் அறைதான் உன் ஒப்பனை அறை. அரங்கிலிருந்து இருபது நிமிட நடைக்குள் அது இருந்தாக வேண்டும்.

அந்த இருபது நிமிடத்தை வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. எடின்பரோவின் பழைய நகரம் மேலும் கீழுமாக அமைந்தது. சவுத் பிரிட்ஜ் என்ற தெருவே 1788இல் திறந்த ஒரு பாலம். அதன் 19 வளைவுகளில் ஒன்றுதான் இன்று வெளியே தெரிகிறது. மற்றவற்றைக் கட்டடங்கள் மறைத்துவிட்டன. தெரியும் அந்த ஒரு வளைவுக்கு அடியில் கவ்கேட் தெரு போகிறது. வரைபடத்தில் இரண்டு தெருக்களும் சந்திப்பது போலத் தோன்றும். நேரிலோ ஒன்று தலைக்கு மேலே, மற்றது பள்ளத்தில். நடுவே செங்குத்தான சந்துகள், படிகள். நகைப்பெட்டியும் உடையுமாகத் தினமும் அவற்றில் ஏறி இறங்கினால், அரைமண்டியில் உட்காரும்போது முழங்கால் அதைச் சொல்லும்.

எந்தப் பகுதி என்று கேட்பாய். ஜார்ஜ் சதுக்கம், பிளஸன்ஸ், நிக்கல்சன் தெரு, சம்மர்ஹால் என்று பழைய நகரத்தின் தெற்கே அரங்கங்கள் நிறைய இருக்கின்றன. உன் அரங்கம் அங்கே அமைந்தால் நியூயிங்டன் அல்லது மார்ச்மான்ட் பார். அங்கிருந்து வரும் வழி பெரும்பாலும் சமதளம். நியூயிங்டன் வழியாகப் பேருந்துகள் ஏராளம். நிக்கல்சன் சதுக்கத்தை ஒட்டி நம் பக்கத்துச் சாப்பாடும் கிடைக்கும். மார்ச்மான்டுக்குக் குறுக்கு வழி மெடோஸ் என்ற பெரிய புல்வெளி. பகலில் அருமையான நடை. இரவில் தனியாக வேண்டாம், விளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள சாலையாகவே வா. கிராஸ்மார்க்கெட்டும் கவ்கேட்டும் அரங்கங்களுக்கு நெருக்கம்தான். ஆனால் மதுக்கடைகளின் சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. துறைமுகப் பக்கமான லீத்துக்கு 2023 முதல் டிராம் ஓடுகிறது. அழகான இடம். ஆனால் டிராம் பிரின்சஸ் ஸ்ட்ரீட் வழியே மேற்கே போய்விடும், தெற்கு அரங்கங்கள் பக்கம் வராது. ஆடாத நாளில் போய்ப் பார்.

வீட்டு முகவரியைக் கவனமாகப் படி. 3F2 என்று இருந்தால் மூன்று மாடி ஏற வேண்டிய வீடு. நூறாண்டுக்கு மேற்பட்ட கல் குடியிருப்புகள் அவை. பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. உன்னுடன் வரும் மிருதங்கக்காரரையும் வயதான நட்டுவனாரையும் நினைத்துப் பார். உள்ளே மரத்தளம். காலை ஆறு மணிக்குத் தட்டடவு போட்டால் கீழ் வீட்டாரின் தலையில் தட்டுவதாகத்தான் ஆகும். பயிற்சிக்குத் தனி இடம் பார்த்துக்கொள். கிராஸ்மார்க்கெட்டில் டான்ஸ் பேஸ் என்ற தேசிய நடன மையம் இருக்கிறது. கூடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்பே எழுதிக் கேள். ஆகஸ்டிலும் இரவு 11 டிகிரிக்கு இறங்கும், எனவே அறையில் வெப்பமூட்டி வேலை செய்யுமா, துணி துவைக்கவும் உலர்த்தவும் வழி உண்டா, சமைக்க அடுப்பு உண்டா என்று மூன்றையும் எழுத்தில் வாங்கு. வியர்வையில் நனைந்த பட்டு அந்த ஈரக் காற்றில் லேசில் உலராது. சூடான ரசம் சாதம் இல்லாத வாரத்தை உன் உடம்பும் தாங்காது.

பணத்துக்கு வருவோம். குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அங்கே நகராட்சி உரிமம் கட்டாயம். உரிம எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதே. 2026 ஜூலை 24 முதல் தங்கும் கட்டணத்தின் மேல் 5 சதவீத வரியும் உண்டு, தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும். கோடையில் பல்கலைக்கழக விடுதி அறைகளை வாடகைக்கு விடுவார்கள். தனியாகப் போகிறவளுக்கு அது நல்ல வழி. அரங்கமும் நேரமும் உறுதியாகுமுன் அறை பிடிக்க வேண்டியிருந்தால், ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் அறையாகப் பார்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு இடித்தால், அறையின் தரத்தில் கை வைக்காதே, நாட்களைக் குறை. விழா முழுக்க ஆட வேண்டும் என்ற கட்டாயம் ஃபிரிஞ்சில் இல்லை. யாரோ ஒருவர் வீட்டு சோஃபாவில் மூன்று வாரம் படுத்து ஆடுவதைவிட, அரங்கத்துக்குப் பக்கத்தில் நல்ல படுக்கையில் தூங்கி ஒரு வாரம் ஆடு. அங்கே வருகிறவர்களில் பலர் பரதத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள். அவர்கள் வாழ்நாளில் பார்க்கும் ஒரே அரைமண்டி உன்னுடையதாக இருக்கலாம். அது களைத்துப்போன அரைமண்டியாக இருக்கக் கூடாது.

அன்புடன்,
அக்கா