அருவி இரைச்சலும் அலைபேசி ஓட்டையும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ். சாரலுக்குப் பயந்து ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரு அம்மாள் போனை வாய்க்கு நேராகத் தட்டுப் போல ஏந்திக்கொண்டு, "எய்யா, நம்பர் வந்துட்டு, சொல்லுதேன் எழுதிக்கோ" என்று ஓடிபியின் ஆறு எண்களையும் சொல்கிறார். "எம்மா, மொதல்ல ஸ்பீக்கர அமத்து!" என்று மகன் பதறுகிறான். அதையும் பஸ்ஸே கேட்கிறது.

போனில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, எப்படிப் பிடித்தால் எது மறையும், எது மறையாது என்பதில் நமக்குள்ள குழப்பங்கள் சில.

நம்பிக்கை: காதில் வைத்துப் பேசினால் மறுமுனைப் பேச்சு வெளியே கேட்காது.
உண்மை: காதுக்கான ஸ்பீக்கர் திரையின் மேல்விளிம்பில் உள்ள சின்னக் கீறல். காதோடு ஒட்டியிருக்கும்வரைதான் ஒலி அடங்கும். கொஞ்சம் விலகினாலும் கசியும். குற்றாலம் பேரருவிக்குப் பக்கத்தில் முழுக்கக் கூட்டிய ஒலியளவைக் குறைக்காமல் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் பிராகாரத்தில் பேசினால், அடுத்த தூணில் சாய்ந்திருப்பவருக்கும் உங்கள் வீட்டு விஷயம் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: கீழ்விளிம்பில் இருபுறமும் உள்ள ஓட்டைகள் எல்லாமே ஸ்பீக்கர், கையால் பொத்தினால் சத்தம் நின்றுவிடும்.
உண்மை: பல போன்களில் ஒரு பக்கம்தான் ஸ்பீக்கர், மறுபக்கம் மைக். பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு பக்கமாக விரலால் மூடிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஸ்டீரியோ போன்களில் காதுக் கீறலும் சேர்ந்து ஒலிக்கும். 2016இல் வந்த ஐபோன் 7 அப்படித்தான். அதில் கீழே பொத்திப் பயனில்லை. "கேக்கல, கேக்கல" என்று மறுமுனை சொன்னால், சுண்டுவிரல் மைக்கை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தூசி எடுக்கிறேன் என்று ஊக்கை விட்டுக் குத்தினால் மைக் போய்விடலாம்.

நம்பிக்கை: கவிழ்த்து வைத்தால் ரகசியம் காக்கப்படும்.
உண்மை: திரை மட்டும் மறையும். முதுகில் ஸ்பீக்கர் இருந்த பழைய போன்களை மேசையில் மல்லாக்க வைத்தால் சத்தம் அமுங்கியது. இன்றைய ஸ்பீக்கர் விளிம்பில் இருப்பதால் எப்படி வைத்தாலும் ஒலிக்கும். உள்ளங்கையை அதன் முன் குவித்தால் ஒலி உங்கள் பக்கம் திரும்பும்; சத்தத்தைக் கூட்ட வேண்டியிராது.

நம்பிக்கை: அருவி இரைச்சலில் நாம் பேசுவது யாருக்கும் கேட்காது.
உண்மை: சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம்மையறியாமல் குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் 1911இல் இதைப் பதிவு செய்தார். ஐந்தருவிக் கடை வாசலில் கத்திச் சொன்ன கார்டு நம்பர் ஸ்பீக்கரைவிடத் தூரம் போகும். அங்கே ஸ்பீக்கரைப் போடாமல் போனைக் காதோடு அழுத்தி, மைக்கை வாயருகே வையுங்கள். இரைச்சலைக் கழிக்க மேல்பக்கம் இன்னொரு மைக் இருக்கலாம். அதை விரலோ உறையோ மூடவேண்டாம்.

நம்பிக்கை: ஐபி68 நீர்ப்பாதுகாப்புத் தரமுள்ள போனோடு அருவியில் நிற்கலாம்.
உண்மை: அந்தத் தரத்துக்கான சோதனை அசையாத நன்னீரில் மூழ்கவைத்துச் செய்வது. பேரருவியின் பொங்குமாங்கடலில் விழுந்து எழும்பி வரும் தண்ணீரின் அடி வேறு. ஸ்பீக்கரில் நீர் புகுந்து குரல் கம்மினால், ஓட்டைகள் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டிக் காயவிடுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம். அதன் துகள் கெடுதல் செய்யலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது.

நம்பிக்கை: ஹெட்போன் போட்டால் எல்லாம் தீர்ந்தது.
உண்மை: அது மறுமுனையின் குரலை மட்டுமே மறைக்கும்; உங்கள் குரல் அப்படியே வெளியே கேட்கும். செங்கோட்டையில் பொதிகை ரயில் ஏறுகிறவர்கள் கவனிக்கவேண்டியது: இரவு 10 மணிக்கு மேல் பாட்டு மட்டுமல்ல, சத்தமான பேச்சும் கூடாது என்று ரயில்வே 2022இல் அறிவித்தது.

பஸ்ஸில் அந்த அம்மாள் மகன் சொன்னபடி ஸ்பீக்கரை அமர்த்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு ஆறு எண்களையும் முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொன்னார்.