மஞ்சக்காணியும் நூலக அட்டையும்

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பெரியவர்களிடமிருந்து பழைய சொற்கள் பத்து எழுதி வர வேண்டும். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த என் பாட்டனார் கணக்கு நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, 'மஞ்சக்காணி 1 மா'ன்னு எழுதியிருக்கே, என்ன அது?"

"மஞ்சள் போட்ட நிலம், கண்ணு."

"உங்க ஊர்ல நெல்லுதான் விளையும்னு சொல்வீங்களே?"

நான் கரக்பூரில் பிறந்து, ரயில்வே காலனியில் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, ரயில்வேயிலேயே ஓய்வு பெற்றவன். ஊர் வயலை விடுமுறையில் பார்த்ததோடு சரி. ஒரு மா என்றால் 100 குழி, 20 மா ஒரு வேலி, ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று அளவு தெரியும். சொல்லுக்குப் பொருள் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது. வீட்டிலிருந்த கையடக்க அகராதியில் அந்தச் சொல் இல்லை.

அலிப்பூர் தேசிய நூலகத்தில் எனக்கு வாசகர் அட்டை உண்டு. மிருகக்காட்சி சாலைக்கு வரும் நம்மவர்களில் பலர் பக்கத்திலிருக்கும் பெல்வெடர் வளாகத்துக்குள் போனதே கிடையாது. அங்கே தமிழுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும். சென்னையில் அச்சாகும் தமிழ்ப் புத்தகங்களுக்கும் அதே விதிதான். இன்னொன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்த வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல்தொகுப்பு, அவர் காலத்துக்குப் பின் இந்த நூலகத்துக்குத்தான் வந்தது. திருநெல்வேலிக்காரர் சேர்த்த புத்தகங்கள் நம் டிராம் வண்டி ஊரில் இருக்கின்றன.

அங்கே போய்ப் பேரகராதியைக் கேட்டேன். பிரிவில் இருந்தவர் எடுத்துத் தர எழுந்தார். பிறகு என் முழங்கால் வலியைப் பார்த்தோ என்னவோ, "இதை வீட்டிலிருந்தே பார்க்கலாமே ஐயா" என்றார். 1924-க்கும் 1936-க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதியையும், பின்னால் வந்த துணைத்தொகுதியையும் சிகாகோ பல்கலைக்கழகம் கணினியில் ஏற்றி, எல்லாரும் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. பெயர், 'தெற்காசிய மின் அகராதிகள்'. வின்ஸ்லோ, பெப்ரிசியஸ் அகராதிகளும் அங்கேயே உண்டு.

தேடும் முறையில்தான் நான் தடுக்கி விழுந்தேன். நோட்டில் இருந்தபடி 'மஞ்சக்காணி' என்று தட்டினால் ஒன்றும் வரவில்லை. நாம் பேசுவது ஒன்று, அகராதியின் தலைச்சொல் வேறு. மஞ்சள் என்பதோடு காணி சேர்ந்தால் புணர்ச்சியில் 'மஞ்சட்காணி' ஆகும். பள்ளியில் தமிழ் இலக்கணம் படிக்காதவனுக்கு இது எங்கே தெரியும்? பேத்திதான் சொன்னாள். முழுச்சொல் அமையாவிட்டால் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் கொடுத்து, அவற்றில் தொடங்கும் சொற்களையெல்லாம் வரவழைக்கலாம். அதுவும் பலிக்கவில்லையென்றால், பொருளை ஆங்கிலத்தில் கொடுத்து அகராதி முழுவதையும் துழாவலாம். 'காணி'யை மட்டும் பார்த்தால் எண்பதில் ஒரு பங்கு, நில அளவு, பரம்பரை உரிமை என்று பல பொருள். அவசரப்பட்டு முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய சொற்களுக்கு இந்த அகராதி உதவாது. அதற்கு 1992-இல் வந்த 'க்ரியா' அகராதி வேண்டும்.

மஞ்சட்காணி என்றால், மணமான பெண்ணுக்கு அவள் மஞ்சள் செலவுக்கென்று பிறந்த வீட்டார் கொடுக்கும் நிலம்.

பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அப்பா காலமான பிறகு, 1988-இல், நாங்கள் சகோதரர்கள் ஊர் நிலத்தை விற்றோம். இந்த நோட்டை வைத்து நிலப் பட்டியல் எழுதியவன் நான். 'மஞ்சள் வயல் 1 மா' என்று என் கையால் எழுதி, மற்றவற்றோடு சேர்த்து விலை பேசி, பணத்தைப் பங்கு போட்டோம். அது அசன்சோலில் இருந்த என் அத்தையுடையது. அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வந்ததில்லை. வயதாகிவிட்டது, பயணம் முடியவில்லை என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். 2003-இல் போய்விட்டார்.

இரண்டு நாள் யோசித்து, அத்தை மகனுக்குப் போன் செய்தேன். "அத்தான், தெரியாமல் நடந்தது" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "நீங்க தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டீங்கன்னு அம்மா கடைசி வரைக்கும் நினைச்சிருந்தா" என்றார். அன்றைய விலையில் அந்த ஒரு மாவுக்கு என்ன வந்தது என்று கணக்குப் பார்த்து, இத்தனை வருட வட்டியும் சேர்த்து, தம்பிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவன் சரி என்றான். இன்னொருவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

வாசகர்கள் கேட்பார்கள் என்பதால் சில விவரங்கள். நூலக வாசகர் அட்டைக்கு என்னிடம் கட்டணம் வாங்கவில்லை. புகைப்படமும் அடையாளச் சான்றும் கொண்டு போனேன். கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் இந்திய தேசிய மின்னூலகம் 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மின்னஞ்சல் இருந்தால் இலவசமாகப் பதிந்துகொண்டு, பள்ளிப் பாடநூல் முதல் பொறியியல் வரை வீட்டிலிருந்தே தேடலாம். நான் சைக்கிளில் சுற்றிய ஹிஜ்லியிலிருந்து இது வருகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பழைய தமிழ் நூல்களுக்குச் சென்னைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. அதற்கு அட்டைகூட வேண்டாம்.

அச்சுப் புத்தகத்தில் அந்தச் சொல்லைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார் அத்தான். அடுத்த வாரம் ஹௌராவில் இறங்குகிறார். ஆதார் அட்டையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.