மருத்துவத் தரத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. சேர்ந்து, மருத்துவத் தரத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க நினைக்கிறீர்களா? வேலைக்குப் பஞ்சமில்லை. இந்தியத் தர மன்றத்தின் கீழ் என்.ஏ.பி.எச். அங்கீகாரம் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. அரசு மருத்துவமனைகளுக்கென 2013-ல் என்.க்யூ.ஏ.எஸ். தர விதிகள் வந்தன. 2015-ல் தூய்மைக்கான காயகல்ப் திட்டமும் 2017-ல் பிரசவ அறைகளுக்கான லக்ஷ்யா திட்டமும் வந்தன. பெரிய மருத்துவமனை என்றால் அங்கே ஒரு குவாலிட்டி பிரிவு இருந்தே தீரும். ஆனால் அந்தப் பிரிவுகளில் சேரும் இளைஞர்களில் பலர் நாள் முழுக்க ஃபைல் அடுக்குவதிலேயே தேங்கிப்போகிறார்கள். ஆடிட் வருகிறது, ஃபைல் திறக்கிறது. ஆடிட் போகிறது, ஃபைல் மூடுகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. உங்கள் படிப்பும் அப்படி வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறையில் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

வார்டுக்குப் போய் நில்லுங்கள். இன்டர்ன்ஷிப் காலத்தில் குளிரூட்டிய அறையில் கணினி முன்னால் உட்காரவைத்தால், பணிவாகக் கேட்டு வார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டும் பாருங்கள். ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்துபோங்கள். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார், சிஸ்டர் அதை இன்டென்ட் போடுகிறார், ஃபார்மசியிலிருந்து மருந்து வருகிறது, ஷிப்ட் மாறுகிறது, வேறொரு சிஸ்டர் அதை நோயாளிக்குக் கொடுக்கிறார். இந்த வழியில் எத்தனை இடத்தில் தவறு நுழைய முடியும் என்று குறித்துவையுங்கள். புரியாத கையெழுத்து, ஒரே மாதிரி ஒலிக்கும் மருந்துப் பெயர்கள், ஃபோனில் சொன்ன டோஸ், ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள்.

லட்சுமி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், அரைத் தூக்கத்தில் இருப்பவர், காது மந்தமானவர், பயந்துபோயிருப்பவர் எல்லோருமே "ஆமா" என்றுதான் தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, கையிலிருக்கும் பட்டையில் மருத்துவமனை எண்ணையும் பார்க்க வேண்டும். படுக்கை எண்ணை நம்பக் கூடாது, படுக்கை மாறும். உலகம் முழுக்க நோயாளி பாதுகாப்பு விதிகளில் முதலில் நிற்பது இந்த அடையாளச் சரிபார்ப்புதான். அது நடக்கிறதா இல்லையா என்பதைப் பக்கத்தில் நின்றால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

டோனபீடியனைப் படித்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். அவெடிஸ் டோனபீடியன் 1966-ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கக் கற்றது: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், டிஸ்சார்ஜ் தாமதத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். குடும்பம் கிளம்புவதோ மாலையில். நடுவே டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகவில்லை, லேப் ரிப்போர்ட் வரவில்லை, மிச்ச மருந்து ஃபார்மசிக்குத் திரும்பவில்லை, இன்ஷூரன்ஸ் அனுமதி கிடைக்கவில்லை. எத்தனை டைப்பிஸ்ட் இருக்கிறார்கள் என்பது கட்டமைப்பு. சம்மரியை முந்தின நாளே தொடங்காமல் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு தொடங்குவது செயல்முறை. அவசரப் பிரிவில் ஒருவர் படுக்கை கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருப்பது விளைவு. இப்படிப் பிரித்துப் பார்த்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எந்த எண்ணால் வகுத்தது என்று கேளுங்கள். "இந்த மாதம் ஐ.சி.யூ.வில் மூன்று பேருக்கு சென்ட்ரல் லைன் தொற்று" என்று மீட்டிங்கில் சொல்வார்கள். அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நோயாளிகளுக்கு லைன் இருந்த மொத்த நாட்கள் 400 என்றால், ஆயிரம் நாளுக்கு 7.5. அதே மூன்று 1500 நாட்களில் என்றால், ஆயிரத்துக்கு 2. முதலாவது அபாய மணி. இரண்டாவதிலும் குறைக்க இடமுண்டு, ஆனால் நிலைமையே வேறு. அதே போல ஒரு மாத ஏற்றத்தைப் பார்த்துத் திட்டுவதும் ஒரு மாத இறக்கத்தைப் பார்த்துப் பாராட்டுவதும் வேண்டாம். வால்டர் ஷூவார்ட் 1924-ல் ஒரு தொலைபேசித் தொழிற்சாலைக்காக வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் இன்றும் ஐ.சி.யூ.வுக்குப் பொருந்தும். எக்செலில் அதை நீங்களே வரையக் கற்றுக்கொள்ளுங்கள்.

நிதிப் பாடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் இல்லாத உங்கள் பலம் இதுதான். ஒரு தொற்றினால் கூடும் படுக்கை நாட்கள், ஆன்டிபயாடிக் செலவு, தள்ளிப்போகும் அடுத்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைக் கணக்குப் போட்டுக் காட்டினால் நிர்வாக இயக்குநர் காது கொடுப்பார். கைகழுவும் மருந்துக்கு அவர் காசு ஒதுக்குவது உங்கள் கணக்கைப் பொறுத்தது.

மதுரையைப் படியுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமாக வைக்கப்பட்டது. அதிக எண்ணிக்கை, குறைந்த செலவு, நல்ல விளைவு மூன்றும் சேர்ந்து வரும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பிற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுக்க லைக்கோ என்ற பயிற்சி நிலையத்தையும் 1992-ல் அவர்கள் தொடங்கினார்கள்.

செக்லிஸ்ட்டை மதியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் செக்லிஸ்ட்டில் 19 வரிகள்தான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அறுவை முடிந்த பிறகு மொத்தமாக டிக் போட்டு வைக்கும் செக்லிஸ்ட்டால் யாரையும் காப்பாற்ற முடியாது. தியேட்டர் சிஸ்டர் "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லத் தயங்காத சூழல் இருந்தால்தான் அந்த 19 வரிகளுக்கு உயிர்.

செய்யக்கூடாதவை

"யார் செய்தது?" என்று தொடங்காதீர்கள். அமெரிக்காவில் மருத்துவத் தவறுகளால் மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அந்நாட்டின் மருத்துவக் கழகம் 1999-ல் மதிப்பிட்டுச் சொன்னது. மோசமான ஆட்களால் வந்த சாவு இல்லை இது, மோசமான அமைப்பால் வந்தது என்பதே அந்த அறிக்கையின் சாரம். இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதிய நர்ஸுக்கு மெமோ கொடுத்துப் பாருங்கள், அடுத்த மாதத்திலிருந்து ரிப்போர்ட்டே வராது. தவறு மட்டும் தொடரும். ஓராண்டு முழுக்க ஒருவர்கூடக் கீழே விழவில்லை என்று ஒரு பெரிய மருத்துவமனை சொன்னால், விழுந்தவர்களை எழுதவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். புதிதாகச் சேர்ந்த இடத்தில் ரிப்போர்ட்டுகள் கூடினால் வருத்தப்படாதீர்கள். உங்களை நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஆடிட்டுக்காகப் பின்தேதி போட்டு எழுதாதீர்கள். நடக்காத தீயணைப்பு ஒத்திகைக்குக் கையெழுத்து, பார்க்காத கைகழுவலுக்கு நூறு சதவீதம். மேலதிகாரி சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். நம் நாட்டு மருத்துவமனைத் தீ விபத்துகளில் உயிர்கள் போயிருக்கின்றன. பொய்யான ஒத்திகைப் பதிவு என்பது தீப்பிடிக்கும் இரவில் வழி தெரியாத ஊழியர் என்று பொருள்.

டிஸ்சார்ஜ் கவுன்டரில் கருத்துப் படிவம் நீட்டாதீர்கள். எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் என்றாலே நோயாளி திருப்தி, ஐந்து புள்ளிக் கேள்வித்தாள் என்று ஆகிவிட்டது. பில் இன்னும் செட்டில் ஆகாதவர், நாளை மறுபடி இதே டாக்டரிடம் வர வேண்டியவர், "எல்லாம் நல்லா இருந்துச்சு" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்? வீட்டுக்குப் போன பிறகு ஃபோனில் கேளுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காமல், "மாத்திரையை எப்போ எப்போ சாப்பிடணும்னு சொன்னாங்க?" என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால், மருத்துவமனை எங்கே தவறியது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். சிக்ஸ் சிக்மா பெல்ட் ஒன்று போதும். அதை வைத்து ஒரு வேலையைச் செய்து முடித்துக் காட்டுங்கள்.

கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ப்ராஜெக்டுக்கு என்றாலும், வகுப்புக் குழுவுக்கு மட்டும் என்றாலும் கூடாது.

டாக்டருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். அவருடைய நோயாளிகளின் எண்களைக் கொண்டுபோய் வைத்து, "சார், இதுக்குக் காரணம் என்னவா இருக்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள்.

விளம்பரத் தாளை நம்பிக் கல்லூரி சேராதீர்கள். சொந்த மருத்துவமனையோ உறுதியான ஒப்பந்தமோ இருக்கிறதா, பாடம் எடுப்பவர் எப்போதாவது தரப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறாரா, இன்டர்ன்களை வார்டுக்குள் விடுவார்களா என்று கேளுங்கள். நேரில் போய்ச் சீனியர் மாணவர்களிடமும் விசாரியுங்கள்.

தரப் பிரிவு யாரிடம் பதில் சொல்கிறது என்று தெரியாமல் வேலையை ஏற்காதீர்கள். நேர்காணலில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். இதைக் கேளுங்கள். மருத்துவ இயக்குநரிடமோ தலைமை நிர்வாகியிடமோ நேரடியாக என்றால் சேருங்கள். மார்க்கெட்டிங் பிரிவின் கீழ் என்றால், அங்கே உங்களுக்கு அங்கீகாரப் பலகை மாட்டும் வேலைதான் கிடைக்கும். சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேறு மருத்துவமனை பாருங்கள்.